ஆரையும் அதின்ர பொல்லாத சொந்தக்காரனும்

பன்னம் என்றதும் மலைநாட்டு ஈரக்காடுதான் எங்களுக்கு ஞாபகம் வரும். பனையும் பெருக்கமரமும் நிக்கிற மன்னாரில பன்னமா எண்டு நீங்கள் சிரிக்கலாம். தீவை விட்டுப் பெருநிலத்துக்கு வந்து, குளத்தோரத்திலயும் வயல் வரம்பிலயும் கொஞ்சம் குனிஞ்சு பார்க்க வேணும். ஒரு காம்பின் நுனியில் நாலு சிற்றிலை. அதுதான் ஆரை.

கீரை எண்டு ஆய்ந்து சமைக்கிறோம். ஆனால் ஆரை பூப்பதுமில்லை, காய்ப்பதுமில்லை. காம்படியில் மிளகு மாதிரி இருப்பது வித்திகளை அடைத்த கெட்டியான உறை. குளம் வற்றி வெடித்தாலும் அது வருஷக்கணக்காகச் சேற்றில் கிடந்து, மாரியில் ஊறி முளைக்கும். கட்டுக்கரைக் குளத்தை நம்பி விதைக்கிற ஊருக்கு ஏற்ற செடிதான்!

பெரும்பாலான பன்னங்களுக்கு ஒரே வகை வித்தி. ஆரைக்கு இரண்டு: பெரியதிலிருந்து பெண், சிறியதிலிருந்து ஆண். மிதக்கிற அசோலாவுக்கும் சல்வீனியாவுக்கும் இதே பழக்கம். பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இந்த மூன்றையும் இன்றைய வகைப்பாடு ஒரே வருணத்தில், சல்வீனியேல்ஸில், வைக்கிறது. மரபணு ஆய்வும் அதையே சொல்லுது.

இந்தக் குடும்பத்தின் பொல்லாத சொந்தக்காரன் சல்வீனியா. 1939இல் படிப்புக்காகக் கொழும்புக்குக் கொண்டுவந்தார்கள். அது தப்பி, நாட்டின் வயலையும் வாய்க்காலையும் மூடியது. இதற்கு வித்தி முற்றுவதில்லை; துண்டு துண்டாக உடைந்தே பெருகும். வித்தியை வைத்து இனம் பிரிக்கிற வழி இங்கே சரிவரவில்லை. அதனால் நெடுங்காலம் 'சல்வீனியா ஓரிக்குலாற்றா' என்றே எழுதிவைத்தார்கள். அந்தப் பெயரை நம்பி, அந்த இனத்தைத் தின்கிற பூச்சிகளைத் திரினிடாட்டில் பிடித்துப் பல நாடுகளில் விட்டார்கள். ஒன்றும் பெரிதாகச் சரிவரவில்லை.

1972இல் மிச்செல் என்ற ஆய்வாளர் இது வேறு இனம் என்று பிரித்து 'மொலெஸ்ற்றா' எனப் பெயரிட்டார். பெயர் மாறியதும் தேடுகிற இடமும் மாறியது. 1978இல் தென்கிழக்குப் பிரேசிலில் இதன் சொந்த ஊர் அகப்பட்டது. அங்கே இதைத் தின்கிற, நீண்ட மூக்கு வைத்த குட்டி வண்டும் அகப்பட்டது. அதையும் முதலில் பழைய வண்டு என்றே நினைத்தார்கள் (பெயர்க் குழப்பம் விடாது போல), 1985இல்தான் அதுவும் தனி இனமானது. அதற்குள் அவுஸ்திரேலியாவில் மூண்டாரா ஏரியை அது துப்புரவாக்கிவிட்டிருந்தது.

1986இல் அந்த வண்டு இலங்கைக்கு வந்தது. சில வருஷங்களில் பல இடங்களில் தண்ணி திரும்பத் தெரிஞ்சுது.