கேலாங் சேற்றின் வேதி வரலாறு: பனியுகம் முதல் மரினா அணைக்கட்டு வரை

ஆறு கடலில் சேர்க்கும் வண்டலின் தன்மையை மலைப்பாறையே முடிவுசெய்கிறது என்பது மலைத்தீவுகளுக்குப் பெரிதும் பொருந்தும். ஆய்வாளர் மில்லிமனும் அவர் குழுவினரும் 1999-இல் வெளியிட்ட கணக்கின்படி, கடலுக்கு நீர் வடியும் உலக நிலப்பரப்பில் சுமத்ரா, ஜாவா, போர்னியோ, சுலாவெசி, திமோர், நியூகினி ஆகிய தீவுகளின் பங்கு ஏறத்தாழ 2 விழுக்காடுதான். கடலில் சேரும் வண்டலிலோ 20 முதல் 25 விழுக்காடு. செங்குத்தான சரிவில் பெருமழை அடித்துச்செல்லும் பாறைத்துகள், முழுதும் சிதையும் முன்பே கடலை எட்டிவிடுகிறது.

அத்தீவுகளுக்கு அருகிலேயே இருந்தும் சிங்கப்பூர் தாழ்நிலம். அதன் மிக உயர்ந்த குன்றான புக்கிட் தீமாவே 164 மீட்டருக்குள்தான். இங்கு கேலாங் ஆற்றுச் சேற்றின் வேதியியலை வகுத்ததில் பாறையைவிட முகத்துவாரத்து நீருக்கே பங்கு அதிகம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

மூலப்பொருள்

கேலாங் ஆறு பாயும் கிழக்குப் பகுதியின் அடித்தளம் பழைய வண்டல் படிவு. மலாய்த் தீபகற்பத்திலிருந்து முற்கால ஆறுகள் கொண்டுவந்த மணலும் சரளையுமே அது. மழைநீரில் கரைந்த கரியமிலவாயு அதிலுள்ள ஃபெல்ட்ஸ்பாரைத் தாக்க, பொட்டாசியமும் சோடியமும் கரைந்து வெளியேறி, கயோலினைட் களிமண் எஞ்சுகிறது. ஒருமுறை மலையிலும் மறுமுறை சமவெளியிலும் சிதைந்த பொருளில், தோற்றப் பாறையின் அடையாளம் பெரிதும் மங்கிவிடுகிறது.

களிமண்ணின் அடுக்குகள்

கேலாங் ஆறு கலக்கும் காலாங் படுகையில் துளையிட்டு எடுக்கும் மண்தூண் வேறொரு கதையைச் சொல்கிறது. மேலே சாம்பல்பச்சை நிறத்தில், சிப்பிகள் கலந்த மென்களிமண். அடியிலும் அதே வகைக் கடற்களிமண். இடையில் பல இடங்களில் செம்மஞ்சள் படர்ந்த கெட்டியான அடுக்கு. கீழ்க் களிமண் சுமார் 1,20,000 ஆண்டுகளுக்கு முன், கடல் உயர்ந்திருந்தபோது படிந்தது. பின்னர் வந்த பனியுகத்தின் உச்சத்தில் கடல்மட்டம் 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்து, சுண்டா கடலடித் திட்டு நிலமானது. வெயிலும் காற்றும் பட்ட களிமண்ணின் மேற்பகுதி இறுகியது. அதிலிருந்த இரும்பு ஆக்ஸிஜனேற்றமடைந்து சிவந்தது. இடை அடுக்கின் நிறத்துக்கு இதுவே காரணம்.

கடல் திரும்பியதும் வேதிவினையும் திசைமாறியது. மைக்கேல் பேர்டும் சக ஆய்வாளர்களும் 2007-இல் வெளியிட்ட சிங்கப்பூர்க் கடல்மட்ட வரைகோடு ஐம்பதுக்கும் மேற்பட்ட கதிர்க்கரிமக் காலக்கணிப்புகளில் அமைந்தது. அதன்படி, சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன் இன்றைய மட்டத்துக்கு 17 மீட்டர் கீழே இருந்த கடல், 8,000 ஆண்டுகளுக்கு முன் 3 மீட்டர் கீழே என்ற அளவுக்கு உயர்ந்துவிட்டது. அலையாத்திக் காடுகளின் இலைமக்கும் கடல்நீரின் சல்பேட்டும் ஆற்றின் இரும்பும் காற்றில்லாச் சேற்றில் ஒன்றுசேர, நுண்ணுயிர்களின் செயலால் பைரைட் என்ற இரும்பு சல்பைடு உருவானது. அத்தகைய சேற்றைத் தோண்டிக் காற்றில் போட்டால் பைரைட் சிதைந்து கந்தக அமிலம் கசியும்.

அணைக்குப் பின்

20-ஆம் நூற்றாண்டில் பன்றிப் பண்ணைகளும் பட்டறைகளும் இப்படுகையில் கழிவைக் கொட்டின. 1977 முதல் 1987 வரை நடந்த ஆற்றுத் தூய்மைத் திட்டம் அதைத் தடுத்தது. அதைவிட ஆழமான மாற்றம் 2008-இல் திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டு. அது கடல்நீரைத் தடுப்பதால் கேலாங் ஆறு இப்போது நன்னீர்த்தேக்கத்தில் கலக்கிறது.

ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 2.7 கிராம் சல்பேட் உண்டு. நன்னீரில் அது மிகக் குறைவு. எனவே புதிதாகப் படியும் சேற்றில் பைரைட் உருவாக வாய்ப்பு சுருங்கி, மீத்தேன் உருவாக வாய்ப்பு கூடுகிறது. உப்பு பட்டவுடன் திரண்டு அமிழும் களிமண் துகள்கள் நன்னீரில் நெடுநேரம் மிதக்கின்றன.

ஆகவே, தாழ்நிலத் தீவுகளின் கரையோர வண்டலிலிருந்து மலையின் கதையைப் படிக்க முனைவோர், முதலில் அந்த முகத்துவாரத்து நீரின் வரலாற்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். அங்கு அணை கட்டப்பட்ட ஆண்டும் அந்த வரலாற்றில் அடக்கம்.