சுழல் துப்பாக்கியின் பழுதும் திருத்தமும் – ஒரு வரலாற்று நோக்கு

தொழினுட்ப வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கண்டுபிடிப்பாளரின் பெயரையும் காப்புரிமை பெற்ற ஆண்டையும் கூறி அமைந்துவிடுவர். ஒரு பொறி எவ்விடத்திற் பழுதுற்றது, அப்பழுது எவ்வாறு இனங்காணப்பட்டது, எவ்வாறு நீக்கப்பட்டது என்னும் வினாக்கள் அவர்தம் கவனத்தை அதிகம் பெறவில்லை. எனினும், பயன்படுத்தியோர் கண்ட தற்காலிகத் தீர்வுகளை நோக்காது ஒரு பொறியின் பிற்கால வடிவத்தை விளங்கிக்கொள்ள முடியாது என்பது எமது கருத்தாகும். றிவோல்வர் என வழங்கும் சுழல் துப்பாக்கியைச் சான்றாகக் கொண்டு இக்கருத்தை ஈண்டு ஆராய்வோம்.

சுழலும் அறைகளையுடைய துப்பாக்கி சாமுவேல் கோல்ற்றுக்கு முன்னரே அறியப்பட்டிருந்தது. எலிசா கொலியர் 1818 இல் இங்கிலாந்தில் அத்தகைய ஒன்றிற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். 1836 இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற கோல்ற்றின் பொறியில், சுத்தியலைப் பின்னிழுக்கும் செயலே உருளையையும் சுழற்றியது. சுத்தியலோடு இணைந்த சிறு தள்ளுகோல் உருளையின் பின்புறப் பற்களை உந்தும். ஓர் அறை குழலுக்கு நேரே வந்ததும் கீழிருந்து ஒரு தாழ் எழுந்து உருளையைப் பூட்டும். தள்ளுகோல் தேயின் அறை முற்றாக நேர்ப்படாது. தாழின் வில் தளர்ந்தால் உருளை நிற்கவேண்டிய இடத்தைக் கடந்துவிடும். இரண்டிலும் ஈயக்குண்டு குழலின் விளிம்பிற் சீவப்படுதல் என்னும் ஒரே அறிகுறியே தோன்றக்கூடும். எனவே, அறிகுறியிலிருந்து காரணத்தைப் பிரித்தறிதல் இப்பொறியைத் திருத்துவோரின் முதற் கடமையாயிற்று.

1847 இல் அமெரிக்க இராணுவத்துக்கென ஆயிரம் ‘வோக்கர்’ துப்பாக்கிகள் செய்யப்பட்டன. நான்கரை இறாத்தல் நிறையுடைய அவற்றின் ஓர் அறை ஏறத்தாழ 60 கிரெயின் வெடிமருந்தை ஏற்றது. அவ்வழுத்தத்தைத் தாங்காது சில உருளைகள் வெடித்தன. மேலும், சுடும்போது எழும் அதிர்வினால் குழலின் கீழிருந்த நிரப்புநெம்பு விழுந்து, உருளை சுழலாதவாறு தடுத்தது. போர்வீரர் அந்நெம்பைத் தோல்வாரினாற் குழலோடு கட்டிக்கொண்டனர். 1848 இல் வெளிவந்த ‘டிரகூன்’ வகையில் உருளை குறுகியது. மருந்தின் அளவு குறைந்தது. நெம்பின் முனையில் உறுதியான பிடி அமைக்கப்பட்டது. போர்வீரரின் தோல்வார் செய்த பணியையே அப்பிடி செய்தது எனலாம்.

சட்டைப்பைக்கென 1849 இன் பெயரால் வெளிவந்த சிறு துப்பாக்கி மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட எண்ணிக்கையில் உற்பத்தியானது. அதன் செப்பு வெடிமூடிகள் சுட்டபின் சிதறி, சுத்தியலின் கீழுள்ள பிளவில் விழுந்து பொறியை இறுக்கின. பழக்கப்பட்டோர் குழலை மேனோக்கி உயர்த்தியவாறே சுத்தியலை இழுத்து, துண்டுகளை வெளியே விழச்செய்தனர். 1851 இல் இலண்டன் குடிசார் பொறியியலாளர் நிறுவனத்தில், இயந்திரங்களாற் படைக்கலம் செய்யும் முறை பற்றிக் கோல்ற் உரையாற்றினார். ஆயினும், அவருடைய துப்பாக்கிகளின் முக்கிய உறுப்புகளில் ஒரே தொடரிலக்கம் பொறிக்கப்பட்டமை, அவை அரத்தினால் ஒன்றுக்கொன்று பொருத்தப்பட்டவை என்பதை உணர்த்துகின்றது. உடைந்த உறுப்புக்கு வேறோர் உறுப்பை இட்டால் மட்டும் போதாது. அதைப் பொருந்தச் செய்யும் கையும் வேண்டியிருந்தது.

வெடிமூடிப் பழுதுக்கு நிலையான தீர்வு தோட்டாவாகும். சிமித் அன்ட் வெசன் நிறுவனம் 1857 இல் ஏழு தோட்டாக்களை ஏற்கும் .22 விட்டச் சிறு துப்பாக்கியை வெளியிட்டது. முடிவுவரை துளைக்கப்பட்ட உருளைக்கான றொலின் வைற்றின் 1855 ஆம் ஆண்டுக் காப்புரிமையை அது தனியுரிமையாகப் பெற்றிருந்தமையால், 1869 வரை அமெரிக்காவில் ஏனையோர் இத்தீர்வைத் தடையின்றிக் கைக்கொள்ள இயலவில்லை. பழுது அறியப்பட்டும் தீர்வு தாமதித்தமைக்குச் சட்டமும் ஒரு காரணமாகும். தோட்டாவும் தன் பழுதை உடன்கொணர்ந்தது. அதன் அடிப்பகுதி பின்னோக்கிப் புடைத்து உருளையை இறுக்கியது; அதனைத் தவிர்க்க, தொடக்ககால வகைகளில் உருளையின் பின்னே சுழலும் தட்டொன்று வைக்கப்பட்டது.

1950 இல் அதே நிறுவனம் ஐந்து தோட்டாக்களை ஏற்கும் ‘சீவ்ஸ் ஸ்பெசல்’ என்னும் சிறு துப்பாக்கியை வெளியிட்டது. அக்காலத் துப்பாக்கிகளில் வெறுந்தோட்டாக்களை வெளித்தள்ளும் கோல் வலப்புரி மரையினாற் பூட்டப்பட்டிருந்தது. உருளையோ சுடுபவரின் பார்வையில் இடப்புறமாகச் சுழன்றது. இதனாற் கோல் சிறிது சிறிதாகக் கழன்று முன்னே நீண்டு, உருளையைத் திறக்கவொட்டாது தடுத்தது. இதனைக் கண்டவர் திறப்புப் பிடியையே முதலில் ஐயுறுவர். காரணம் அறிந்தவர் கோலை மீண்டும் முறுக்கினர். அது மீண்டும் கழன்றது. 1960 ஐ அண்டிய காலத்தில் மரை இடம்புரியாக மாற்றப்பட்டது. கோலைக் கழற்றிய அதே சுழற்சி அதன்பின் அதனை இறுக்கலாயிற்று.

தோல்வார், குழலை உயர்த்தும் பழக்கம், மீண்டும் முறுக்குதல் ஆகிய மூன்றும் காரணத்தை நீக்காதவை. ஆயினும், காரணம் யாதெனச் சுட்டியவை. அவற்றைக் கண்டவர்களின் பெயர்கள் காப்புரிமை ஏடுகளில் இல்லை. உறுப்புகளின் வடிவங்களிலேயே அவர்தம் அனுபவம் பதிவாகியுள்ளது. அவ்வுறுப்புகளையும் சான்றுகளாகக் கொண்டு வாசிக்கும்போதே தொழினுட்ப வரலாறு முழுமை பெறும் என்பது எமது துணிபு.