லண்டன் டாக்சிக்கு எந்த எரிபொருள்?

லண்டனில் மழைநாளில் கையசைத்துக் கறுப்பு டாக்சி பிடித்தவர்களுக்கு அந்தச் சத்தம் நினைவிருக்கும். நின்ற இடத்திலேயே கடகடவென்று அதிரும் டீசல் எஞ்சின். 1950களில் தொடங்கி அறுபது ஆண்டுகளுக்கு மேலாக லண்டன் டாக்சி என்றாலே டீசல்தான். நாள் முழுதும் ஊர்ந்தும் நின்றும் ஓடும் வண்டிக்கு அது சிக்கனம். எஞ்சினும் நெடுங்காலம் உழைக்கும்.

அந்தச் சிக்கனத்தின் விலையைத் தெருவில் நடப்பவர்கள் கொடுத்தார்கள். டீசல் புகையிலுள்ள நுண்ணிய கரித்துகள் நுரையீரலின் ஆழம்வரை செல்லும். நைட்ரஜன் டை ஆக்ஸைடு மூச்சுக்குழலை எரிச்சலூட்டும், ஆஸ்துமாவைத் தீவிரப்படுத்தும்.

மாற்றாகப் பேசப்பட்டவை இரண்டு வாயுக்கள். சி.என்.ஜி. எனப்படும் அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயுவில் பெரும்பகுதி மீத்தேன். காற்றழுத்தத்தைப்போல் சுமார் 200 மடங்கு அழுத்தி உருளையில் அடைப்பார்கள். எரியும்போது கரித்துகள் மிகக் குறைவு. ஆனால் உருளை கனமானது. வாயு நிரப்பத் தனி நிலையங்கள் வேண்டும். எல்.பி.ஜி. நம் வீட்டுச் சமையல் வாயுவேதான். குறைந்த அழுத்தத்திலேயே திரவமாகிவிடும் என்பதால் கையாள்வது எளிது.

சி.என்.ஜி.யைப் பெரிய அளவில் செய்து காட்டிய நகரம் டில்லி. எம்.சி.மேத்தா தொடர்ந்த பொதுநல வழக்கில், நகரப் பேருந்துகள் அனைத்தும் சி.என்.ஜி.க்கு மாறவேண்டும், பழைய ஆட்டோக்களும் டாக்சிகளும் தூய எரிபொருளுக்கு வரவேண்டும் என்று 1998 ஜூலையில் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. நிலையங்கள் போதவில்லை; ஓட்டுநர்கள் மணிக்கணக்கில் வரிசையில் காத்துக்கிடந்தார்கள். கெடு தள்ளிப்போய், 2002 இறுதியில்தான் பேருந்துகளின் மாற்றம் முடிந்தது. பேருந்துகளின் கரும்புகை மறைந்தது. பின்னாளில் பெருகிய வாகனங்களும் வைக்கோல் எரிப்பும் டில்லிக் காற்றை மீண்டும் கெடுத்தது வேறு கதை.

லண்டன் அந்த வழியில் போகவில்லை. பிரிட்டனில் சி.என்.ஜி. நிலையங்கள் மிகச் சிலவே. லண்டன் டாக்சியோ சுமார் 25 அடி வட்டத்துக்குள் திரும்பவேண்டும். சக்கர நாற்காலியை ஏற்றவேண்டும். இதற்கென்றே செய்யப்பட்ட ஓரிரு வண்டிகள்தான் இருந்தன. எனவே 2005ல் ஒவ்வொரு பயணத்திலும் 20 பென்ஸ் கூடுதலாக வசூலித்து, பழைய டாக்சிகளுக்குப் புகைவடிகட்டி பொருத்தவோ எல்.பி.ஜி.க்கு மாற்றவோ வழி செய்தார்கள்.

இதற்கிடையே 2001ல் பிரிட்டன் கார் வரியைக் கரியமில வாயுவின் அளவோடு இணைத்தது. டீசல் கார் அதைக் குறைவாக வெளியிடும். புவி வெப்பமாவதைத் தடுக்கும் நல்ல நோக்கம்தான். ஆனால் டீசல் கார்கள் பெருகின. தெருவின் காற்று கெட்டது.

2013 பிப்ரவரியில், லூயிஷம் பகுதியில் நெரிசல் மிகுந்த சவுத் சர்க்குலர் சாலையருகே வாழ்ந்த எலா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற ஒன்பது வயதுச் சிறுமி ஆஸ்துமாவால் இறந்தாள். தாயின் விடாமுயற்சியால் மறுவிசாரணை நடந்தது. அவள் மரணத்துக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார்.

2018 ஜனவரி முதல் லண்டனில் புதிதாக உரிமம் பெறும் டாக்சி, புகையின்றியும் ஓடக்கூடியதாக இருக்கவேண்டும். மின்கலத்தில் ஓடி, தேவைப்பட்டால் சிறு பெட்ரோல் எஞ்சினால் மின்னேற்றிக்கொள்ளும் டி.எக்ஸ். என்ற வண்டி வந்தது. தொடக்க விலை சுமார் 55,000 பவுண்டு. மானியம் போக மீதிக்கடன் ஓட்டுநரின் தலையில். ஆயினும் இன்று லண்டன் கறுப்பு டாக்சிகளில் பாதிக்கு மேல் இவ்வகைதான்.

மின்வண்டியும் முழுத்தூய்மை அல்ல. டயரும் சாலையும் தேய்ந்து துகள் எழத்தான் செய்யும். சி.என்.ஜி.யிலும் கசியும் மீத்தேன் புவியை வெப்பமாக்கும். அதனால் ஓர் எரிபொருளைத் தூயது என்று யாராவது சொன்னால், எதை அளந்து சொல்கிறார்கள் என்று கேட்பது நல்லது. 2001ல் வானத்துக்குப் போவதை மட்டும் அளந்தார்கள். சாலையோரக் குழந்தையின் மூச்சுக்குள் போவது அந்தக் கணக்கில் வரவில்லை.