முற்றுகை

‘முற்று’ என்ற வினையடியோடு ‘கை’ விகுதி சேர்ந்து, வருகை, செய்கை போல அமைந்த தொழிற்பெயர் முற்றுகை. முற்றுதல் என்றால் முடிதல்தானே, கோட்டை வீழ்ந்தால்தான் முற்றுகையா எனக் கேட்கலாம். அப்படியல்ல, சூழ்தல் என்ற பொருளும் அதற்குப் பழமையானது. கோட்டைப் போரைப் பற்றிய உழிஞைத் திணையில் தொல்காப்பியர், அரணை வளைக்கும் முற்றலையும் கைப்பற்றும் கோடலையும் தனித்தனியே சொல்கிறார்.

செஞ்சிக் கோட்டை இந்த வேறுபாட்டை விளக்கும். 1690இல் முகலாயத் தளபதி சுல்பிகர் கான் தொடங்கிய முற்றுகை 1698இல்தான் முடிந்தது. மூன்று மலைகளை இணைக்கும் மதிலை முழுக்கச் சூழப் படை போதவில்லை. உள்ளே தானியம் போனது, அங்கிருந்த மராட்டிய மன்னர் இராஜாராமும் தப்பினார். சூழ்ந்து முடிக்காததை முற்றுகை எனலாமா? எனலாம். அச்சொல் குறிப்பது வளைக்கும் செயலை; வளையம் மூடுவதும் கோட்டை வீழ்வதும் அதன் பின்விளைவுகளே.