நாலு ராத்திரி, நாலு பேய்

போன டிசம்பர் லீவுக்கு கொழும்புல வேலை செய்யிற சித்தி மகன் வட்டகொடைக்கு வந்தப்ப பையில ரெண்டு சாமான் கொண்டு வந்தான். ஒன்னு அம்மாயிக்கு சுவெட்டர். மத்தது ஒரு பென்டிரைவ். அதுக்குள்ள 'ஃப்ரைடே த தேர்ட்டீன்த்' படம் பன்னிரண்டும் வரிசையா இருந்திச்சி, 1980ல இருந்து 2009 வரைக்கும். "ஒன்னையும் தாண்டக் கூடாது, முதல்ல இருந்துதான் பாக்கணும்"னு சட்டம் வேற போட்டான்.

ஸ்லாஷர் படம்னா தெரியாதவங்களுக்கு: ஒரு கொலைகாரன், கையில வெட்டுற சாமான் ஏதாவது ஒன்னு, தனியா மாட்டுற இளவட்டங்கள், ஒவ்வொருத்தரா சாவாங்க. அவ்வளவுதான். 1978ல ஜோன் கார்ப்பென்டர் எடுத்த 'ஹலோவீன்' கொஞ்சக் காசுல எடுத்து நிறையச் சம்பாதிச்ச பிறகு, ஹொலிவுட்ல இந்த வகைப் படம் மழைக்குக் காளான் முளைச்ச மாதிரி வந்திச்சி. அதுல பெரிய காளான் இந்த ஃப்ரைடே. ஹொக்கி முகமூடி போட்ட ஜேசன டீசேட்லயாவது எல்லாரும் பாத்திருப்பீங்க.

ஆனா முதல் படத்துல ஜேசன் கொலைகாரனே இல்ல. எனக்கு அது தெரியாது. முதல் படத்துல கொல்றது அவன்ட அம்மா. அவ அந்த ஏரிக்கரை முகாம்ல சமையல் வேலை செஞ்சவ. பிள்ளைகளைப் பாத்துக்க வேண்டியவங்க தங்கட சோலியில இருந்தப்ப அவ மகன் தண்ணிக்குள்ள போயிட்டான். வருசக் கணக்கா கழிச்சி அந்த முகாமைத் திரும்பத் திறக்கப் போறாங்கன்னதும் கத்தியோட வாரா. ஒரு வேலைக்காரியின் பிள்ளை, ஒருத்தரும் பதில் சொல்லாத ஒரு சாவு. இதுதான் கதையின் வேர். 1981ல வந்த ரெண்டாம் பாகத்துல ஜேசன் வளந்த ஆளா வாரான், தலையில சாக்குத் துணி. 1982ல வந்த மூணாம் பாகத்துலதான் முகமூடி கிடைக்குது. அதோட வேர் அறுந்திருச்சி. பிறகு முகமூடி மட்டும்தான் நடக்குது. 2002ல வந்த படத்துல விண்வெளிக்கே போயிருவான்னு சித்தி மகன் முன்கூட்டியே சொல்லிட்டான்.

மூணாவது படம் முடியக்குள்ள அம்மாயி எழும்பி டிவிய நிப்பாட்டிருச்சி. "செத்தவன் வந்து கேட்டா நியாயம். கொன்னவனே திரும்பத் திரும்ப வந்தா அது என்னடா கதை?" சின்னதுகளும் சேந்து கத்தினதுல ஒரு முடிவுக்கு வந்தோம். வரிசையாப் பாக்கிறதுதானே போட்டி, நம்ம வரிசையப் பாப்போம். முனி, காஞ்சனா, காஞ்சனா 2, காஞ்சனா 3. நாலு ராத்திரி.

இந்த வரிசையே ஒரு குழப்பம். ராகவா லாரன்ஸ் இயக்கி நடிச்ச 'முனி' 2007ல வந்திச்சி. 2011ல வந்த 'காஞ்சனா' ரெண்டாவது. அப்ப 2015ல வந்த 'காஞ்சனா 2' மூணாவது, 2019ல வந்த 'காஞ்சனா 3' நாலாவது. கதைக்குக் கதை தொடர்பு கிடையாது. கோவை சரளா மட்டும் நாலுலயும் அம்மா. ஜேசன் எப்புடி ஒருக்காலும் சாக மாட்டானோ, அது மாதிரி லாரன்ஸ் ஒருக்காலும் பாடம் படிக்க மாட்டார். போன படத்துல பேயோடயே குடும்பம் நடத்தின ஆள், அடுத்த படத்துல பொழுது சாஞ்சா வெளிய போகப் பயந்து அம்மா இடுப்புல ஏறுவார். ராத்திரியில ஒண்ணுக்குப் போகவும் துணைக்கு ஆள் வேணும்.

இந்தப் பகிடிக்கு தியேட்டர்ல எல்லாரும் சிரிப்பாங்க. லயத்துல வளந்தவங்க வேற மாதிரிச் சிரிப்போம். கக்கூஸ் வெளிய, லயத்துக் கோடியில. மழை, பனிமூட்டம், தேயிலைக்குள்ள ஏதோ அசையிற சத்தம். அம்மா டோர்ச்ச புடிச்சிக்கிட்டு வெளிய நின்னு, "இருக்கேன், இருக்கேன்"னு சொல்லிக்கிட்டே இருக்கணும். அந்த வளந்த ஆம்பளைக்குப் பயம் ஒரு வேடிக்கை. நமக்கு அது அப்பத்தைய வீட்டு அமைப்பு.

சரி, பேய்களுக்கு வருவோம். முதல் படத்துப் பேய் முனியாண்டி, ராஜ்கிரண் நடிச்சது. ஒரு அரசியல்வாதிய நம்பி, தன் ஏரியா சனத்தையும் நம்ப வச்ச ஆள். தேர்தல்ல ஜெயிச்ச பிறகு குடுத்த வாக்கை நிறைவேத்தச் சொல்லிப் போய்க் கேட்டதுக்குத்தான் சாகுறார். செத்த பிறகு அவர் பேரையும் கெடுக்கிறாங்க. நடிப்பு, கிராபிக்ஸ், பாட்டு எல்லாம் இப்பப் பாத்தா கொஞ்சம் பழசுதான். ஆனா ராஜ்கிரண் பேசுற இடத்துல எங்க வீட்டுல ஒருத்தரும் கதைக்கல்ல. தேர்தல் நேரம் வந்து போறவங்கள நாமளும் பாத்திருக்கோம்தானே.

நாலுலயும் உசத்தி ரெண்டாவதுதான். பொடியன்கள் கிரிக்கெட் விளையாட இடம் இல்லாம, யாரும் போகாத ஒரு வெறுங்காணிக்குப் போறாங்க. ஸ்டம்ப மண்ணுல அடிக்கிறாங்க. கீழ புதைச்சிருக்கிற உடம்புல அது குத்துது. அந்த ஸ்டம்போட பேயும் வீட்டுக்கு வந்திருது. காஞ்சனா ஒரு திருநங்கை. பெத்தவங்க விரட்டினப்ப ஒரு முஸ்லிம் பெரியவர் அடைக்கலம் குடுக்கிறார். தான் படிக்க முடியல்லன்னு, தன்னை மாதிரியே விரட்டப்பட்ட இன்னொரு பிள்ளைய வளத்து டொக்டருக்குப் படிக்க வைக்கிறா. ஏழைகளுக்கு ஹொஸ்பிட்டல் கட்டக் காணி வாங்குறா. அந்தக் காணிய ஒரு எம்.எல்.ஏ. புடுங்குறான். கேக்கப் போனவளையும், அடைக்கலம் குடுத்தவரையும், அவர் மகனையும் கொன்னு அதே காணியில புதைக்கிறான்.

சரத்குமார் அந்த வேசத்த ஏத்தது அந்தக் காலத்துக்குப் பெரிய விசயம்தான். ஒரு திருநங்கையையே நடிக்க வச்சிருக்கலாமேன்னு இப்பக் கேக்கிறது நியாயம். லாரன்ஸ் சேலை கட்டினதும் மத்தவங்க சிரிக்கிற காட்சிகள் எனக்குப் பிடிக்கல்ல. படம் ஒரு கையால மரியாத குடுத்து மறு கையால எடுக்குது. 2020ல அக்ஷய் குமாரை வச்சி லாரன்ஸே இதை ஹிந்தியில 'லக்ஷ்மி'ன்னு எடுத்தார், அது பத்தி ஒன்னும் சொல்றதுக்கில்ல.

இந்த இடத்துலதான் எட்டாம் வகுப்புல படிக்கிற சித்தி மகள் ஒரு கேள்வி கேட்டா. "காணி உறுதி காஞ்சனா பேர்லதானே இருந்திச்சி? பிறகு எப்புடிப் புடுங்கினாங்க?" சித்தப்பா வாய் திறக்கல்ல. அடுத்த கேள்விய அவ கேட்கவே இல்ல. ஆனா எல்லாருக்கும் அது கேட்டிச்சி. நம்ம காம்பராவுக்கு உறுதி எங்க? ஏழு பேர்ச்சஸ், பத்து பேர்ச்சஸ்னு எத்தனை மேடையில கேட்டிருக்கோம்.

காணிக்காக ஒருத்தர் சாகுறது நமக்குப் படத்துல வாற விசயம் இல்ல. 1977ல நுவரெலியா மாவட்டத்துல தோட்டக் காணி 7,000 ஏக்கர எடுத்து வெளியாட்களுக்குப் பிரிச்சிக் குடுக்கப் போறாங்கன்னு தொழிலாளர்கள் எதிர்ப்புக்கு இறங்கினாங்க. அந்த வருசம் மே 11ஆம் திகதி டெவன் தோட்டத்துல பொலிஸ் சுட்டதுல சிவனு லெட்சுமணன் செத்தார். டெவன் நமக்குத் தூரம் இல்ல, தலவாக்கலைக்கு அங்கிட்டு. 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தோட ஓட்டும் போய், 1964 ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்துல 5,25,000 பேர அங்கிட்டும் 3,00,000 பேர இங்கிட்டும்னு பிரிச்சி எழுதி, அரைவாசிச் சனம் கப்பல் ஏறிக்கிட்டிருந்த காலம் அது. நிக்கிற மண்ணும் போகப் போகுதுன்னா என்ன செய்வாங்க? எங்க வயசுல எத்தனை பேருக்கு அவர் பேர் தெரியும்னு அன்னைக்கு வீட்டுல கேட்டேன். ஆறு பேர்ல ரெண்டு பேருக்குத் தெரிஞ்சிருந்திச்சி. அதுலயும் ஒருத்தனுக்குப் பேர் மட்டும்தான், எதுக்குச் செத்தார்னு தெரியாது.

தமிழ்லயும் கொலைகாரனை வச்சி ஒரு வரிசை வந்திருக்கலாம். 'ஹலோவீன்' வந்த அதே 1978 ஒக்டோபர்ல இங்கிட்டு பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' வந்திச்சி. ஹொலிவுட்டப் பாத்துக் கொப்பியடிக்க நேரமே இல்ல. 1980ல மட்டக்களப்புல பிறந்த பாலு மகேந்திரா 'மூடுபனி' எடுத்தார், இளையராஜாவுக்கு அது நூறாவது படம். 1984ல மணிவண்ணன்ட 'நூறாவது நாள்', மொட்டைத் தலையும் வட்டக் கண்ணாடியுமா சத்யராஜ். அந்தக் கண்ணாடி போதும், ஜேசன்ட முகமூடிக்கு ஒன்னும் குறைச்சல் இல்ல. ஆனா ஒருத்தனுக்கும் ரெண்டாம் பாகம் வரல்ல. 'சிகப்பு ரோஜாக்கள்' கமல் கடைசியில புத்தி பேதலிச்சி ஜெயிலுக்குள்ள கிடக்கிறார். வழக்கு முடிஞ்சிருச்சி. கொன்னவன் மாட்டினா நம்ம ஊர்ல கதை முடிஞ்சிரும். மாட்டாத வழக்குக்குத்தான் பேய் வரும்.

இது சினிமா கண்டுபிடிச்ச விசயமும் இல்ல. பழையனூர் நீலிய எடுங்க. புருசன் கையால செத்த பொண்ணு, அடுத்த பிறவி வரைக்கும் விடாம வந்து, கள்ளிக் கட்டையப் பிள்ளையா இடுப்புல வச்சிக்கிட்டு ஊர்ச்சபைக்கு முன்னால நின்னு வழக்குப் பேசுறா. "உனக்கு ஒன்னும் ஆகாது, நாங்க பொறுப்பு"ன்னு அவனுக்கு வாக்குக் குடுத்த எழுபது வேளாளரும், அவன் செத்ததும் தீயில இறங்குறாங்க. 7ஆம் நூற்றாண்டுச் சம்பந்தர் தேவாரத்துலயே இதுக்குக் குறிப்பு இருக்கு. கொலையுண்டு சாமியான மதுரைவீரன் நம்ம தோட்டக் கோயில்லயும் நிக்கிறான். கப்பல்ல வந்த சனம் முனியையும் கூடவே கொண்டு வந்திச்சி. இங்க வந்த பிறகு ஃபெக்டரி ரோதைக்கு ஒரு ரோதமுனி, கவ்வாத்து வெட்டுக்கு ஒரு கவ்வாத்துச்சாமின்னு புதுசாவும் பிறந்தாங்க. மாசியில காமன் வருசா வருசம் எரிஞ்சி வருசா வருசம் எழும்புறான், அது ஒரு தனி வரிசை. எங்க தோட்டத்து மரத்தடியிலயும் ஒரு முனி இருக்கு. செத்த யாரோ ஒரு ஆளாம். அது யாரு, எப்புடிச் செத்தார்னு அம்மாயிகிட்ட கேட்டேன். "எங்க அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும்"னு சொன்னிச்சி.

மூணாம் ராத்திரி 'காஞ்சனா 2'. ஒரு டிவி சேனல் ஆக்கள் பாக்கிற கூட்டத்தக் கூட்ட மகாபலிபுரத்துல பொய்ப்பேய் நிகழ்ச்சி எடுக்கப் போயி நிசப் பேய்ட்ட மாட்டுறாங்க. ஐடியா நல்லா இருக்கு. கால் ஏலாத கங்காவா நித்யா மேனன் வார கொஞ்ச நேரமும் நல்லா இருக்கு. மத்தபடி மொட்ட சிவா சண்டை, மொட்ட சிவா பாட்டு. நாலாம் ராத்திரி 'காஞ்சனா 3'. இந்தப் படம் வந்தது 2019 ஏப்ரல் 19, பெரிய வெள்ளி. அடுத்து வந்த ஞாயிறு என்ன நடந்திச்சின்னு இந்த நாட்டுல யாருக்கும் சொல்லத் தேவையில்ல. ஊரடங்குக்குள்ள இருந்த சனம் அப்ப பேய்ப்படத்தப் பத்தி நினைக்கவே இல்ல. இப்பப் பாத்தா, ஆதரவில்லாதவங்களுக்கு இல்லம் நடத்துற காளி செத்து வாரான். ஆனா அவன் ஏன் வந்தான்கிறது ஒரு சாட்டுக்குத்தான். படம் அவசரமா அதைச் சொல்லிட்டு, அவன் நடக்கிற நடைக்கும் அடிக்கிற அடிக்கும் ஓடுது. முனியாண்டிக்கு ஒரு ஏரியாவே பின்னால நின்னிச்சி. காளிக்குப் பின்னால பின்னணி இசை நிக்குது.

தனித்தனியா டிவியில போடக்குள்ள இது விளங்காது. அடுத்தடுத்த ராத்திரி பாத்தாத்தான், வழக்கு ஒவ்வொரு பாகத்துலயும் கொஞ்சம் கொஞ்சமாத் தேஞ்சி, பேய் மட்டும் கொழுத்துக்கிட்டே போறது தெரியுது. சமையல்காரியின் பிள்ளைக்கு ஹொலிவுட்ல நடந்ததேதான்.

சித்தி மகளுக்கு இன்னமும் காஞ்சனா விட்டுப் போகல்ல. படத்துக் கடைசியில அந்தக் காணியில ஹொஸ்பிட்டல் வந்திரும். ஒரு நிமிசம் கூட இல்ல, காட்டி முடிஞ்சிரும். "செத்த ஆள் பேர்ல இருந்த காணி எப்புடித் திரும்பக் கைக்கு வந்திச்சி, யார் கையெழுத்துப் போட்டா, அதைத்தானே படமா எடுக்கணும்?"னு கேக்கிறா. சித்தப்பா இந்தத் தடவை வாய் திறந்தார். "அதைப் படமா எடுத்தா அதுக்கும் நாலு பாகம் வேணும்மா."

சித்தி மகன் பென்டிரைவ விட்டுட்டுத்தான் கொழும்புக்குப் போனான். ஃப்ரைடே நாலாம் பாகம் பாக்காம அப்படியே கிடக்கு. 1984ல வந்தது, பேரே 'இறுதி அத்தியாயம்'. அதுக்குப் பிறகு இன்னும் எட்டு இருக்கு.