நெல்சனின் குருட்டுக் கண்

'டர்ன் எ ப்ளைண்ட் ஐ' - ஆங்கிலப் பேப்பர் படிக்கிறவர்களுக்கு நன்றாகப் பழகிய பிரயோகம். லஞ்சம் கைமாறியது தெரிந்தும் மேலதிகாரி பேசாமல் இருந்தாரா? மகன் சிகரெட் பிடிப்பதைப் பார்த்தும் அப்பா பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாரா? எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். 'கண்டும் காணாம விட்டுட்டார்' என்கிறோமே, அதேதான்! ஆனால், இங்கிலீஷ்காரரைக் கேட்டால், இதற்குப் பின்னால் ஒரு நிஜக் குருட்டுக் கண் இருக்கிறது என்பார்.

கண்ணுக்குச் சொந்தக்காரர், கடற்படைத் தளபதி நெல்சன். 1794-ல் கார்ஸிகா தீவில், கால்வி கோட்டை முற்றுகையின்போது குண்டு விழுந்து சிதறிய மண்ணும் கல்லும் அவருடைய வலது கண் பார்வையைப் பறித்தன. (சினிமாவில் வருகிற மாதிரி அவர் கண்ணில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டதெல்லாம் கிடையாது!) 1797-ல், டெனரீஃப் தீவுச் சண்டையில் வலது கையும் போயிற்று.

1801, ஏப்ரல் 2. டென்மார்க்கின் கோபன்ஹேகன் துறைமுகத்தில் அகோரமான பீரங்கிச் சண்டை. நெல்சனின் போர்க்கப்பல்களில் மூன்று தரைதட்டி நின்றுவிட்டன. தூரத்தில் இருந்த தலைமைத் தளபதி ஹைட் பார்க்கருக்கு உதறல். 39-ம் எண் சிக்னல் கொடியை ஏற்றினார். அர்த்தம் - 'சண்டையை நிறுத்து!'

நெல்சன் டெலஸ்கோப்பை எடுத்துக் குருட்டுக் கண்ணில் வைத்துக்கொண்டு, 'சிக்னலா? ஒண்ணும் தெரியலையே' என்கிற தினுசில் ஏதோ சொன்னாராம். சண்டை தொடர்ந்தது. ஜெயித்தார்!

டெலஸ்கோப் சமாசாரம் பிற்பாடு சேர்ந்த மசாலா என்றும், அந்தச் சொற்றொடரே நெல்சனுக்கு முந்தியது என்றும் வாதாடுகிறவர்கள் உண்டு. ஆனால், அவர் சிக்னலை மதிக்கவில்லை என்பது நிஜம்.

அதே கொடியைப் பார்த்து ஒழுங்காகக் கீழ்ப்படிந்தவரும் ஒருவர் இருந்தார். 'அமேசான்' கப்பலின் கேப்டன் எட்வர்ட் ரியூ. மனசே இல்லாமல் கப்பலைத் திருப்பினார். திரும்புகிறபோது பாய்ந்து வந்த குண்டு அவரைக் கொன்றது. அடுத்த மாதமே பார்க்கரைத் திருப்பி அழைத்து, அவர் பதவியை நெல்சனுக்குக் கொடுத்தார்கள். கீழ்ப்படிந்தவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஒன்று மட்டும் யோசிக்க வேண்டியது. தோற்றிருந்தால் நெல்சன் ராணுவ விசாரணைக் கூண்டில் நின்றிருக்கக்கூடும். அது தெரிந்தும்தான் கண்ணை மூடிக்கொண்டார். இன்றைக்குக் கண்ணை மூடிக்கொள்கிற பெரிய மனிதர்கள்..? தங்கள் தலை தப்பினால் போதும் என்றல்லவா மூடிக்கொள்கிறார்கள்!