கடலோடிகளும் கடதாசிகளும்

கப்பல் மூழ்கலாம். அதைப் பற்றிய எழுத்துத் தப்பிவிட்டால் அதன் வரலாறு மூழ்குவதில்லை. காலித் துறைமுகம் இதற்குச் சான்று.

ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின் ‘அவொன்ட்ஸ்ரர்’ என்னும் கப்பல் 1659 ஜூலை 2 ஆம் திகதி அங்கே நங்கூரம் நழுவித் தரைதட்டி அழிந்தது. 1993 இல் அதன் சிதைவு கண்டறியப்பட்டது. கடலடியிலிருந்து மீட்ட பொருட்களில் ஒரு பகுதியை 2004 டிசெம்பர் 26 ஆம் திகதிய ஆழிப்பேரலை மீண்டும் அள்ளிச் சென்றது. ஆயினும் கம்பனியின் ஆவணங்கள் ஹேக் நகரிலும், கொழும்பிலே தேசிய சுவடிகள் திணைக்களத்திலும் பேணப்படுகின்றன. இந்தோனேசியா, இந்தியா, தென்னாபிரிக்கா ஆகிய நாடுகளிலும் அவற்றின் பகுதிகள் உள்ளன. 2003 இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது. ஒல்லாந்தர் நமது வரலாற்றுக்காக எழுதவில்லை. தமது வணிகக் கணக்குக்காக எழுதினர். அந்தக் கணக்கே இன்று வரலாறாயிற்று.

இனி வடக்கே பார்ப்போம். வல்வெட்டித்துறை ஓடாவிமார் கட்டிய ‘அன்னபூரணி’ 89 அடி நீளமான பாய்க்கப்பல். அமெரிக்கக் கடலோடி வில்லியம் ரொபின்சன் அதை வாங்கினார். ‘புளோரன்ஸ் சி. ரொபின்சன்’ எனப் பெயர் மாறிய அக்கப்பல், 1937 இல் புறப்பட்டு, சுயெஸ் கால்வாயையும் அத்திலாந்திக்கையும் கடந்து, 1938 ஆகஸ்ட் 1 ஆம் திகதி மசாசுசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறையை அடைந்தது. அதில் வல்வெட்டித்துறைக் கடலோடிகள் ஐவர் இருந்தனர்.

அமெரிக்கப் பத்திரிகைகள் அதனைச் செய்தியாக்கின. பத்திரிகைத் தொழிலில் ஆண்டுகள் பல கழித்த எனக்கு இதிலே பெருமையும் உண்டு, உறுத்தலும் உண்டு. நமது கப்பல் போய்ச் சேர்ந்த கதையை அந்நியத் துறைமுகம் எழுதி வைத்தது. அதைக் கட்டிய ஓடாவியின் அளவுக் குறிப்புகளும், நமது தண்டையல்மாரின் பயணக் குறிப்புகளும், சரக்குச் சிட்டைகளும் எத்தனை எஞ்சியிருக்கும்? 1981 இல் யாழ்ப்பாண நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் தீக்கிரையாயின. பின்வந்த இடப்பெயர்வுகளில் வீட்டுப் பெட்டகங்களும் கைவிடப்பட்டன.

கடலோடிகளுக்குச் சிலை எழுப்புவது நன்று. அதற்கு முன் அவர்களது கடதாசிகளைத் தேடுவோம். உங்கள் வீட்டுப் பரணில் பாட்டனாரின் மாலுமிச் சான்றிதழோ, பழைய கப்பற் கணக்கோ கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். ஒரு பிரதி எடுத்து நூலகம் ஒன்றில் ஒப்படையுங்கள். கறையான் நமக்காகக் காத்திருப்பதில்லை.